பாறைக் குறிகள்: வாசகர் கேள்விகள்

சவூதியின் ஹாயில் பக்கம் வேலை பார்க்கிறேன், சொந்த ஊர் ஆம்பூர். ஜுப்பா பாறைகளில் மாடு செதுக்கியிருக்கிறார்கள். மணல்காட்டில் மாடு ஏது?

அன்று அது மணல்காடு இல்லை. சுமார் பத்தாயிரம் முதல் ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு வரை அங்கே நல்ல மழை. ஜுப்பாவில் ஏரியே இருந்தது. மாடு கறுத்தும் ஒட்டகம் வெளுத்தும் தெரிகிறதா, பாருங்கள். பாலைவனப் பாறையின் மேல் இரும்பும் மாங்கனீசும் படிந்து கருந்தோல் உண்டாகும். கொத்தினால் உள்வெளுப்பு தெரியும், காலப்போக்கில் அதுவும் கறுக்கும். அதனால் கறுத்த மாடு முந்தியது, வெளுத்த ஒட்டகம் பிந்தியது. ஆனால் ஒரே பாறையின் ஒரே முகத்துக்குள்தான் இப்படி ஒப்பிடலாம்.

அதே பாறையில் ஒட்டகத்தின் அருகே வட்டமும் கோடும் இருக்கின்றன. தமிழி எனும் பழந்தமிழ் எழுத்தா?

இல்லை. 'வஸ்ம்' எனப்படும் ஒட்டகச் சூட்டுக்குறியாக இருக்கலாம். நம் பக்கம் மாட்டுக்குச் சூடு போட்டு அடையாளம் வைப்பதில்லையா, அதுபோல. ஒற்றைக் குறியை வைத்து மொழி பேசாதீர்கள்.

வாணியம்பாடி வாசகர்: ஆர்மாமலை ஓவியம் கற்காலத்ததா?

அங்கே புகழ்பெற்றவை சமண ஓவியங்கள், ஏறக்குறைய எட்டாம் நூற்றாண்டு. சுதை பூசி அதன்மேல் வரைந்தவை. பழைய ஓவியங்கள் வெறும் பாறையிலேயே இருக்கும். இதைப் பலமுறை எழுதிவிட்டேன்.

படம் இணைத்துள்ளேன். இது என்ன?

ஊர் இல்லை, அளவுகோல் இல்லை, பாறை எந்தத் திசை பார்க்கிறது என்றும் இல்லை. பதிலும் இல்லை.

செங்கம் வாசகர்: படம் தெளிவாக விழத் தண்ணீர் அடித்து, சாக்பீஸால் கோடு போட்டு எடுத்தோம். இவன் வேட்டைக்காரனா, குதிரை வீரனா?

நீங்கள் வரைந்ததைப் பற்றி நான் என்ன சொல்ல? உங்கள் கோட்டில் கையில் இருப்பது வில். பாறையில் இருந்தது கடிவாளமாக இருந்திருக்கலாம். அதிலும் வெள்ளை சாக்பீஸ்! நம் வட்டாரத்தில் வெண்ணிற ஓவியங்களும் உண்டு. மல்லப்பாடியில் குதிரைமேல் இருந்து போரிடும் இருவர் வெள்ளையில்தான் இருக்கிறார்கள். சாக்பீஸ் எது, பழைய பூச்சு எது என்று பிறகு யார் பிரிப்பது? தண்ணீரும் சும்மா போவதில்லை. பாறைக்குள் இருக்கும் உப்பைக் கரைத்து மேலே கொண்டுவரும். காய்ந்ததும் ஓவியத்தின்மேல் வெண்படலம் கட்டும், சில இடங்களில் நிறமே உதிரும். ஜவ்வாது மலையடிவாரத்தில் நான் ஒருமுறை பார்த்துக் குறித்துவைத்த சிவப்பு மான், அடுத்த முறை போனபோது சாக்பீஸ் மானாக இருந்தது. கொம்பு எத்தனை கிளை என்று இனி யாராலும் எண்ண முடியாது. அன்று மலையிறங்க எனக்கு மனம் வரவில்லை.

தெளிவு வேண்டுமானால் தொடாமல் படம் எடுங்கள். காவி வண்ணத்தை எடுத்துக்காட்ட டி-ஸ்ட்ரெட்ச் மென்பொருள் இருக்கிறது. செதுக்கலென்றால் காலை, மாலைச் சாய்வெயில் போதும். தொடாதீர்கள், நனைக்காதீர்கள்.

குடியாத்தம் வாசகர்: பாறையில் குழிகள் உள்ளன. விண்மீன் வரைபடமா?

முதலில் குழியின் வடிவத்தைப் பாருங்கள். நீளவாக்கில் வழுவழுப்பான பள்ளமென்றால் கற்கோடரி தீட்டியதாக இருக்கலாம். திருப்பத்தூர் அருகே பையம்பள்ளியில் புதிய கற்கால மக்கள் வாழ்ந்தது 1960களின் அகழாய்விலேயே தெரிந்துவிட்டது. இரு வரிசையாக வட்டக் குழிகள் என்றால் பல்லாங்குழி. ஆழம், அகலம் இரண்டையும் அளந்து அனுப்புங்கள், அப்புறம் பேசலாம்.