டிராயிங் மாஸ்டர் பதில்கள்: அப்பா மேல் கோட்டைச் சுவர்

கேள்வி: என் மகன் சென்னையில் ஓவியம் படிக்கிறான். லீவுக்கு வந்தவன், வேலூர்க் கோட்டைச் சுவருக்கு முன்னால் அப்பாவைச் சட்டை இல்லாமல் நிறுத்தி, உடம்பெல்லாம் கல் மாதிரி பெயின்ட் அடித்து, ஆளே தெரியாதபடி போட்டோ எடுக்கப்போகிறானாம். அவருக்கு 54 வயது, சர்க்கரை வேறு. இவரோ, பிள்ளை கேட்டுவிட்டான் என்று மீசையை எடுக்கக்கூடத் தயார்! இது ஓவியமா, வேஷமா? உடம்புக்கு ஒன்றும் ஆகாதா?
– ஒரு தாய், காட்பாடி

பதில்: மீசையை எடுக்க வேண்டாம் அம்மா, மீசையிலும் வண்ணம் பிடிக்கும்.

உங்கள் பிள்ளை சீனாவின் லியு போலினைப் பார்த்திருக்க வேண்டும். 2005இல் பெய்ஜிங்கில் ஓவியர்கள் தங்கியிருந்த சுவோஜியா கிராமத்தை இடித்தார்கள். அதில் அவருடைய பட்டறையும் போயிற்று. அந்த இடிபாட்டுக்கு முன்னாலேயே போய் நின்று, அதைத் தன் மேல் வரையவைத்தார். இன்றைக்கும் மணிக்கணக்கில் அசையாமல் நிற்கிறார், உதவியாளர்கள் வரைகிறார்கள். ஒன்றைக் கவனியுங்கள்: அவர் சட்டை பேன்ட்டோடுதான் நிற்கிறார். உங்கள் வீட்டுக்காரருக்கும் ஒரு பழைய காக்கிச் சட்டை போதும். தோலில் வண்ணம் படுவது முகம், கழுத்து, கைகளில் மட்டும். பாதிக் கவலை தீர்ந்ததா?

மீதிப் பாதிக்கு வருகிறேன். எனக்குப் பதினேழு வயதில், குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவில் புலிவேஷக்காரர் ஒருவருக்குக் கோடு போட்டேன். உடம்பு மயிரை மழித்துவிட்டு, இரண்டு கையிலும் கழியைப் பிடித்தபடி நின்றார். கையை இறக்கினால் ஈரப் பெயின்ட் ஒட்டிக்கொள்ளும். பீடியைக்கூட இன்னொருவர்தான் வாயில் வைத்து எடுத்தார். விலா எலும்பில் தூரிகை பட்டதும் கூச்சத்தில் புலி நெளிந்தது. என் கோடுகள் அவ்வளவு நேர்த்தி என்று நானே மெச்சிக்கொண்டிருந்தபோது பெரியவர் ஒருவர் வந்து, “இன்னாடா பையா, நின்னுக்கினு கீற புலிக்கா கோடு போடற? ஆடற புலிக்குப் போடு” என்றார். ஆளைக் குந்தவைத்துப் பார்த்தேன். முதுகுக் கோடுகள் எல்லாம் கசங்கிய வேட்டி மாதிரி ஆகிவிட்டன. துணியில் வரைகிறவனுக்கு இந்தத் தொல்லை கிடையாது. இரவு மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தோம். பெயின்டோடு தோலும் உரிந்தது. நான் பூசியது கதவுக்கு அடிக்கிற எனாமல். அந்தத் தப்பு என்னுடையது.

ஆகவே எனாமல், டிஸ்டெம்பர் எதுவும் கூடாது. தண்ணீரில் கரைகிற, முகத்துக்கென்றே விற்கும் ஃபேஸ் பெயின்ட் வாங்கச் சொல்லுங்கள். முதல் நாளே முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி, அரிப்பு வருகிறதா என்று பாருங்கள். தோல் மூச்சுவிட முடியாமல் ஆள் போய்விடுவான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1964இல் வந்த ஒரு ஜேம்ஸ் பாண்ட் படம் பரப்பிய கதை அது. நாம் மூச்சு விடுவது நுரையீரலால்தான். வேர்வை ஆறாமல் உடம்பு சூடேறுவதுதான் நிஜமான ஆபத்து. நம் ஊர் வெயிலில் அது விளையாட்டு இல்லை. காலை ஆறரைக்குச் சாப்பிடவைத்து, மாத்திரை கொடுத்து அனுப்புங்கள். முக்காலி ஒன்றும் போகட்டும்.

மகனுக்குத் தனியாக ஒரு சேதி: கேமராவை ஸ்டாண்டில் பூட்டிவிட்டு அதன் வழியாகப் பார்த்தே கோடு போடு. கல் இடுக்கு தோளில் வந்து சரியாகச் சேர்வது அந்த ஒரே இடத்திலிருந்து பார்க்கும்போதுதான். இரண்டடி தள்ளினால் சுவர் உடைந்து அப்பா வெளியே வந்துவிடுவார். வெயில் ஏற ஏறச் சுவரின் நிழல் நகரும், நீ தீட்டிய நிழல் நகராது. மேகமூட்டமான நாளாகப் பார்.

ஓவியமா என்றால், ஓவியம்தான். ஆனால் யாருடையது? 1960இல் பாரிஸில் இவ் கிளைன் என்ற ஓவியர், கூட்டத்துக்கு முன்னால், பெண்கள் தங்கள் உடம்பில் நீலம் பூசிக் காகிதத்தில் பதிய, தான் கோட்டும் சூட்டுமாகக் கையில் கறை படாமல் நின்று வேலை வாங்கினார். அந்த நிகழ்ச்சியில் வாத்தியக்காரர்கள் இருபது நிமிடம் ஒரே சுரத்தை வாசித்து, இருபது நிமிடம் சும்மா இருந்தார்கள். உலகம் கொண்டாடுகிறது, எனக்கு அது ஜமீன்தார் வேலையாகத்தான் படுகிறது. உடம்பைக் கொடுத்தவர்களுக்கும் ஓவியத்தில் பங்கு உண்டு. படத்துக்குக் கீழே அப்பா பெயரும் இருக்கட்டும்.

கேள்வி: கூத்தில் அரிதாரம் பூசுவதும் இதுவும் ஒன்றா?
– ஒரு வாசகர், ஆரணி

பதில்: இல்லை. கூத்துக்காரர் கையில் கண்ணாடியை வைத்துக்கொண்டு தன் முகத்தைத் தானே எழுதிக்கொள்கிறார். அங்கே துணியும் தூரிகையும் ஒரே ஆள். அரிதாரம் என்பது மஞ்சள் நிறக் கல். ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்தது, விஷம். நாட்டு மருந்துக் கடையில் அந்தப் பெயரில் எதையாவது கொடுத்தால் முகத்தில் வைத்துவிடாதீர்கள்.