யாரும் ‘ஆமாம்’ சொல்லாத கேள்வி

கேள்வி: ஊசி வழியாகப் போதைமருந்து எடுப்பவர்களுக்கான எச்.ஐ.வி. தடுப்புத் திட்டத்தில் களப்பணியாளராகச் சேர்ந்திருக்கிறேன். ‘ஊசியை ஷேர் பண்றீங்களா?’ என்று கேட்டால் எல்லோரும் ‘இல்லை’ என்கிறார்கள். ரெஜிஸ்டர் சுத்தமாக இருக்கிறது, ஆனால் நம்ப முடியவில்லை. என்ன செய்யலாம், அக்கா?
- பெயர் வேண்டாம், சென்னை

பதில்: அந்தக் கேள்விக்கு யார் தம்பி ‘ஆமாம்’ என்பார்கள்? கேட்கும்போதே அதட்டுவது போல இருக்கிறதே. ‘கடைசியா போட்டப்ப ஊசி புதுசா, ஏற்கெனவே யாராவது போட்டதா?’ என்று கேளுங்கள். ஐ.நா.வின் எய்ட்ஸ் அமைப்பும் கடைசித் தடவையைத்தான் கணக்கெடுக்கிறது. வழக்கத்தைக் கேட்டால் நல்லபடியாகச் சொல்லத் தோன்றும். கடைசித் தடவை என்றால் நேற்று நடந்தது ஞாபகத்துக்கு வரும்.

ஊசியோடு நிறுத்திவிடாதீர்கள். ஆளுக்கு ஒரு புது ஊசி இருக்கும். ஆனால் மருந்தைக் கரைத்த மூடி ஒன்று, வடிகட்டிய பஞ்சு ஒன்று, தண்ணீரும் ஒன்று. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி பரவ அதுவே போதும். ‘ஷேர் பண்ணலை’ என்றவர் பொய் சொல்லவில்லை, ஊசியை மட்டும் நினைத்துச் சொல்கிறார். மூடி, பஞ்சு, தண்ணீர் என்று தனித்தனியாகக் கேளுங்கள், கூட்டாளிகள் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து.

அவர் மனசில் இருப்பது ‘இது போலீசுக்குப் போகுமா?’ என்பதுதான். அவர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். ரெஜிஸ்டரில் குறியீட்டு எண் மட்டும் இருக்கட்டும்; பெயர்ப் பட்டியல் அலுவலகத்தில் தனியாகப் பூட்டி இருக்க வேண்டும். எச்.ஐ.வி. தொடர்பான பதிவுகளைப் பாதுகாப்பது 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி.-எய்ட்ஸ் சட்டப்படி நிறுவனத்தின் கடமை.

புது ஊசி கொடுத்து, போட்ட ஊசியைத் திரும்ப வாங்குகிறீர்களே, அந்தத் திரும்பி வரும் ஊசிக் கணக்கில்தான் எனக்குக் கவலை அதிகம். கொடுத்தது பத்து, வந்தது பத்து என்று பக்கம் முழுக்க ஒரே மாதிரி இருந்தால் டார்கெட்டுக்காக எழுதியது என்று பார்த்ததும் தெரிந்துவிடும். கையால் எண்ணவே வேண்டாம், குத்திவிடும். கொண்டுவந்தவரே பழைய ஊசிக்கான பெட்டிக்குள் போடட்டும், விழ விழ எண்ணுங்கள். எண்ண முடியாதபோது ‘உத்தேசம்’ என்று எழுதுங்கள். கேட்காமல் விட்டால் ‘கேட்கவில்லை’ என்று இருக்கட்டும், பூஜ்யம் போடாதீர்கள். ஒரு இடத்தில் எண்ணிக்கை குறைந்தால் காரணத்தைக் கேட்டு எழுதுங்கள். போலீஸ் சோதனையில் ஊசியோடு மாட்டிக்கொள்ளப் பயந்து சாக்கடையில் எறிந்திருப்பார்கள். அது தெரிந்தால் நீங்கள் போகிற நேரத்தை மாற்றலாம், பெட்டியைக் கிட்டத்தில் வைக்கலாம். மேலதிகாரி திட்டினால் இந்தக் காரணத்தையே காட்டுங்கள்.

அப்புறம், சாயங்காலம் உட்கார்ந்து மொத்தமாக எழுதும் பழக்கம் இருந்தால் இன்றைக்கே விட்டுவிடுங்கள். பேசி முடித்து நாலு அடி தள்ளி வந்ததும் எழுதிவிட வேண்டும்.