ஃபிளாப் மூணும் ஆட்டினா வந்தா...

கேள்வி: சார், சாயங்காலம் மழை புடிச்சா நாங்க ஃப்ரெண்ட்ஸ் சேர்ந்து புளியங்கொட்டை வச்சு போக்கர் ஆடுவோம். ஸ்மால் பிளைண்ட்ல (சீட்டு பாக்குறதுக்கு முன்னாடியே கட்டாயமா சின்னதா பந்தயம் வைக்கிற இடம்) கையில ரெண்டு ராஜா, கிளாவரும் டைமனும், நான் ரெய்ஸ் பண்ண (பந்தயத்த ஏத்த) பிக் பிளைண்ட் (எனக்கு அடுத்து, அதைவிட பெருசா வைக்கிறவன்) மட்டும் கால் (அதே அளவு வச்சு கூட வந்தான்). ஃபிளாப் (எல்லாருக்கும் பொதுவா நடுவுல திறக்குற முதல் மூணு சீட்டு) 9, 6, 2, மூணும் ஆட்டின். பாட்ல (நடுவுல சேர்ந்த பந்தயத்துல) இருந்த 30 கொட்டைக்கு 30 வச்சேன், அவன் ஏத்தி அடிச்சான். எப்படி ஆடியிருக்கணும்?
- வாசகர், குன்னூர்

பதில்: 30 வச்சதுதான் இடிக்குது. அவ்ளோ பெருசா வச்சா ஆட்டின் இல்லாதவன் சீட்ட போட்டுட்டுப் போயிடுவான், ஃப்ளஷ் (ஒரே சின்னத்துல அஞ்சு சீட்டு) அடிச்சவனும் பெரிய ஆட்டின் வச்சிருக்கவனும்தான் நிப்பான், அதாவது உங்கள ஜெயிக்கிறவனையும் ஜெயிக்கப் போறவனையும் மட்டும் நீங்களே வடிகட்டி வச்சுக்குறீங்க. 10 போதும், இல்லன்னா செக் பண்ணி (எதுவும் வைக்காம விட்டு) அவன் வைக்கிறத கால் பண்ணுங்க. ஃபிளாப்புக்கு அப்புறம் முதல்ல பேச வேண்டியது எப்பவும் நீங்கதான், அதனால பாட்டை சின்னதாவே வைக்கிறது நல்லது (ரெண்டே பேர் ஆடுற டேபிள்னா ஸ்மால் பிளைண்ட்தான் கடைசியா பேசும், அது வேற கதை). கையில ஒரே ஒரு ஆட்டின் வச்சிருக்கவனுக்கு மிச்சம் 9 சீட்டு, ரிவருக்குள்ள (கடைசி, அஞ்சாவது பொதுச் சீட்டு) ஃப்ளஷ் அடிக்க 35% கிட்ட சான்ஸ். சின்ன ரெய்ஸ்னா ஒரு தடவ கால் பண்ணலாம், ஆனா நாலாவது ஆட்டின் விழுந்து அவன் மறுபடி வச்சா யோசிக்காம ராஜாவ போட்டுடுங்க.

உங்க கையில ஆட்டின் ஏஸ் இருந்தா மட்டும் தைரியமா ஏத்தலாம், ஏன்னா இருக்கிறதுலயே பெரிய ஃப்ளஷ் அவன்கிட்ட இருக்கவே முடியாது, பிளஃப் பண்ண அதுதான் சரியான கை.