அத்தையின் டப்பாவில் கை வைக்கிறவளுக்கு

கேள்வி: எனக்கு வயது 26. பிறந்த ஊர் பாலக்கோடு. வாக்கப்பட்டது காவேரிப்பட்டினம் பக்கம் ஒரு கிராமம். கல்யாணமாகி 11 மாதம் ஆகிறது. 22 வயதிலேயே எனக்குச் சுகர் வந்துவிட்டது. சொன்னால் சம்பந்தம் நின்றுவிடும் என்று மாப்பிள்ளை வீட்டில் அம்மா சொல்லவிடவில்லை. கணவருக்கு ஓசூரில் கம்பெனி வேலை. நல்ல குணம்தான், ஆனாலும் சொல்லப் பயமாக இருக்கிறது. மாத்திரையை அம்மாதான் வாங்கித் தருவார். தீர்ந்துபோனால் அத்தையின் டப்பாவிலிருந்து ஒன்றிரண்டு எடுத்துப் போட்டுக்கொள்வேன். அவருக்கும் சுகர், மாத்திரை வீட்டுக்கே வந்துவிடும். கடைசியாக எடுத்த மூன்று மாதச் சர்க்கரை டெஸ்டில் 8.9 இருந்தது. எல்லோரும் “விசேஷம் உண்டா” என்று கேட்கிறார்கள். சுகர் இருந்தால் குழந்தை நல்லபடியாகப் பிறக்குமா? குழந்தைக்கும் சுகர் வருமா? மாத்திரையை நிறுத்திவிட்டுக் குழந்தை பெற்றுக்கொண்டு, பிறகு தொடரலாமா?
– பெயர் வேண்டாம், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: மூன்று கேள்வி கேட்டிருக்கிறாய் மகளே. மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால், போகிற போக்கில் ஒரு வரியை எழுதிவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறாயே, அங்கே கொஞ்சம் நில். அத்தையின் டப்பா.

அதில் என்னென்ன மாத்திரை இருக்கிறது என்று உனக்குத் தெரியுமா? ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தை 2021 ஆகஸ்டில் உங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கினார்கள். அதில் சுகருக்கும் பிரஷருக்கும் சேர்த்தே வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். வயதானவர்களுக்கு இரண்டும் சேர்ந்து இருப்பது சாதாரணம். எனாலாப்ரில், டெல்மிசார்ட்டன் போன்ற பிரஷர் மாத்திரைகள் கருவிலிருக்கும் பிள்ளையின் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியவை. பிள்ளைக்குக் காத்திருக்கிற நீ, அட்டையிலிருந்து உதிர்த்துப் போட்ட வெள்ளை மாத்திரைகளில் ஒன்றைக் குத்துமதிப்பாக எடுத்து விழுங்குகிறாய்.

சரி, சுகர் மாத்திரையையே சரியாகப் பார்த்து எடுத்தாய் என்று வைத்துக்கொள்வோம். கிளிமிப்பிரைடு 1 மில்லிகிராமிலும் வருகிறது, 2 மில்லிகிராமிலும் வருகிறது. அவருக்கு எழுதிய அளவு உனக்குக் கூடுதலாக இருந்தால் சர்க்கரை தடாலென்று இறங்கும். வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும், கண் இருட்டும். வீட்டிலிருப்பவர்கள் என்ன செய்வார்கள்? மசக்கை வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டு உன்னைப் படுக்க வைப்பார்கள். உடனே ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று அங்கே யாருக்குத் தோன்றும்? யாருக்கும் தோன்றாதபடி நீதானே பார்த்துக்கொண்டிருக்கிறாய்.

அது எண்ணிக் கொடுக்கிற மாத்திரை. நீ இரண்டு எடுத்தால் அவருக்கு இரண்டு குறையும். மாதக் கடைசியில் அவர் மாத்திரை இல்லாமல் ஓட்டுவார். “இந்த தடவ கம்மியா குடுத்துட்டாங்க” என்று கொண்டுவரும் பெண்ணின் மேல் குறைபடுவார். மாமியாரைத் திட்டி எழுதுகிற கடிதங்கள் எனக்கு வராத வாரம் கிடையாது. உன் கடிதத்தில் அந்த அம்மாளைப் பற்றி ஒரு குறைகூட இல்லை. அப்படிப்பட்டவரின் மருந்தை எடுத்துத் தின்றுவிட்டு, சொல்லப் பயமாக இருக்கிறது என்று எனக்கு எழுதுகிறாய்.

உன் அம்மாவையும் நான் சும்மா விடமாட்டேன். பெண் பார்க்க வந்த அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். நின்றுபோகிற சம்பந்தம் அன்றே நின்றிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. மாமியாருக்குச் சுகர் வந்தால் வயசு, மருமகளுக்கு வந்தால் குறை என்கிற ஊர்க் கணக்கு எனக்கும் தெரியும். அதைப் பார்த்து வயிறு எரிந்ததும் உண்டு. அதற்காக மறைத்தது சரி என்று எழுதமாட்டேன். அதோடு, தாலி கட்டும் வரைக்கும் மறைத்தது அவர். இந்த 11 மாதமாக மறைத்தது நீ.

கர்ப்பமான பிறகு சொல்லிக்கொள்ளலாம், அப்போது யாரும் கோபப்படமாட்டார்கள் என்று மனதுக்குள் ஒரு திட்டம் வைத்திருக்கிறாய். உன் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது அது தெரிந்தது. சரியாக அங்கேதான் பிள்ளைக்கு ஆபத்து. கரு தரித்து நாலு வாரத்துக்குள் மூளையும் தண்டுவடமும் ஆகப்போகிற குழாய் மூடிவிடுகிறது. இருதயமும் அந்தச் சில வாரங்களிலேயே உருவாகிறது. நாள் தள்ளிப்போய் இரண்டு வாரம் கழித்து, கடையில் கார்டு வாங்கிப் பார்க்கலாமா என்று நீ யோசிக்கும்போது, அந்தக் குழாய் வேலை முடிந்துபோயிருக்கும். அந்த நாட்களில் ரத்தத்தில் சர்க்கரை ஏறிக் கிடந்தால் இருதயத்தில் ஓட்டை, தண்டுவடம் மூடாமல் போவது, கருக்கலைவு எல்லாவற்றுக்கும் வாய்ப்பு கூடுகிறது. பிறவிக் குறை பொதுவாக நூறு குழந்தைகளில் இரண்டு மூன்று பேருக்கு இருக்கும். கட்டுப்படாத சர்க்கரையில் அது பல மடங்காகிறது. அப்புறம் எவ்வளவு நன்றாகக் கட்டுப்படுத்தினாலும் முதல் வாரங்களில் நடந்ததைத் திருப்ப முடியாது.

கருத்தரிக்கும் முன்பே அந்த 8.9-ஐ 6.5-க்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்பார்கள் டாக்டர்கள். அது மூன்று மாதக் கணக்கைச் சொல்கிற டெஸ்ட், ஒரு வாரம் களியைக் குறைத்துச் சாப்பிட்டால் இறங்கிவிடாது. (களி என்றதும் ஞாபகம் வருகிறது: கேழ்வரகு சுகரை ஏற்றாது என்று தருமபுரி, கிருஷ்ணகிரியில் சத்தியம் செய்யாத வீடில்லை. அதுவும் மாவுச்சத்துதான். கைப்பிடி அளவு உருண்டைக்கும் தலை அளவு உருண்டைக்கும் வித்தியாசம் உண்டு.) ஆகவே குறைந்தது மூன்று மாதம் பிள்ளை தரிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆணுறை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கும். காரணம் சொல்லாமல் அதைப் புருஷனிடம் எப்படிக் கேட்பாய்?

மாத்திரையை நீயாக நிறுத்தக் கூடாது. சர்க்கரை எகிறும், அதற்கு விலை கொடுப்பது பிள்ளை. டாக்டர்தான் மாற்றித் தருவார். பெரும்பாலும் இன்சுலினுக்கு மாற்றுவார்கள். மெட்ஃபார்மின் என்கிற சுகர் மாத்திரையைத் தொடர்வதா என்று அவர்கள் முடிவு செய்வார்கள். தாயின் சர்க்கரை நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகும், தாய் போட்டுக்கொள்ளும் இன்சுலின் போகாது. ஊசி போட்டால் பிள்ளைக்கு ஆகாது என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதே. தினம் 5 மில்லிகிராம் ஃபோலிக் ஆசிட் மாத்திரையை இப்போதே தொடங்கச் சொல்வார்கள். கண்ணில் விழித்திரையைப் பார்ப்பார்கள், சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்ப்பார்கள், தைராய்டும் பார்ப்பார்கள். ஏற்கெனவே கண்ணில் கோளாறு தொடங்கியிருந்தால் கர்ப்பத்தில் அது வேகமெடுக்கும். நாலு வருஷமாகச் சுகர் இருக்கிறவள் ஒருமுறையாவது கண் பரிசோதனை செய்தாளா என்பது கடிதத்தில் இல்லை.

இன்சுலின் என்று எழுதினேன், அதைக் குளிர்ச்சியில் வைக்க வேண்டும். உங்கள் வீட்டு ஃபிரிட்ஜில், அத்தை கைவைக்கிற தட்டில்தான் அது இருக்கும். எந்தக் கணக்கில் பார்த்தாலும் உன் ரகசியத்துக்கு ஆயுசு இல்லை.

கர்ப்பம் தரித்த பிறகு உள்ள சங்கதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன், அது டாக்டர் பொறுப்பு. சர்க்கரை வெறும் வயிற்றில் 95-க்குள்ளும், சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120-க்குள்ளும் இருக்கும்படி பார்ப்பார்கள். பிரஷர் ஏறாமலிருக்க 12 வாரத்துக்குப் பிறகு குறைந்த அளவு ஆஸ்பிரின் தரலாம். அஞ்சாம் மாதத்தை ஒட்டிப் பிள்ளையின் இருதயத்துக்குத் தனி ஸ்கேன் உண்டு. சர்க்கரை ஏறியே இருந்தால் பிள்ளை அளவுக்கு மீறி வளர்ந்து பிரசவத்தில் தோள் சிக்கலாம், கடைசி வாரங்களில் வயிற்றுக்குள்ளேயே இறந்தும் போகலாம். பிறந்ததும் பிள்ளைக்குச் சர்க்கரை இறங்கிவிடுவதும் உண்டு. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்ற முறை இருக்கட்டும். பிரசவம் மட்டும் பச்சிளம் குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு உள்ள பெரிய ஆஸ்பத்திரியில் நடக்க வேண்டும். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

குழந்தைக்குச் சுகர் வருமா? பிறக்கும்போதே சுகரோடு பிறக்காது. பெரியவனாகும்போது மற்றவர்களைவிட வாய்ப்பு அதிகம். உன் பக்கமும் இருக்கிறது, அத்தை வழியாகப் புருஷன் பக்கமும் இருக்கிறது. உன் புருஷன் தன் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தாரா? சொல்கிற அன்று அவரையும் கூட்டிப்போய் ஒரு டெஸ்ட் எடுத்துவிடு.

எப்படிச் சொல்வது என்று என்னைக் கேட்காதே. அம்மாவைத் தூதுக்கு அனுப்பாதே, போனில் சொல்லாதே. ஷிஃப்ட் இல்லாத நாளில் எதிரில் உட்கார்ந்து, டெஸ்ட் காகிதத்தைக் கையில் கொடுத்துச் சொல். கோபப்படுவார், பேசாமலும் இருப்பார். ஏமாந்தவருக்குக் கோபம் வர உரிமை உண்டு, நீ அதைப் பொறுத்துத்தான் ஆக வேண்டும். அதன் பிறகு இரண்டு பேருமாக அத்தையிடம் சொல்லுங்கள். மாத்திரை எடுத்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், அதை விட்டுவிடாதே.

இந்த இதழ் உன் கைக்கு வரும்போது நாள் தள்ளியிருந்தால் மூன்று மாதக் கணக்கெல்லாம் கிடையாது. மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போ. நர்ஸ் பேர் பதியும்போதே, “நாலு வருஷமா சுகர் இருக்கு” என்று சொல். சொல்லாமல் விட்டால் எல்லாக் கர்ப்பிணிக்கும் கொடுக்கிற 75 கிராம் குளுக்கோஸை உனக்கும் கலக்கிக் கொடுத்து, 140-ஐத் தாண்டியதும் கர்ப்பத்தில் வந்த சர்க்கரை என்று எழுதிவிடுவார்கள். அப்படி எழுதிவிட்டால் பிள்ளையின் இருதயத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று அங்கே யாருக்கும் தோன்றாது.