18 லட்சத்துக்கு ஏஐ சீட்டா? கெர்னல் பக்கம் போகட்டும் விடுங்கள்

திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார். கணவர் மளிகைக்கடை வைத்திருக்கிறார். மகள் ப்ளஸ் டூ முடித்துவிட்டாள், கட்-ஆஃப் 180ஐ ஒட்டி வருகிறது. சென்னையில் இருக்கும் தாய்மாமா ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் ஏஐ - டேட்டா சயின்ஸ் சீட்டுக்குப் பேசி வைத்திருக்கிறார். விடுதியும் சேர்த்து நான்கு வருடத்துக்கு 18 லட்சம். வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துவிடலாம் என்பதும் அவர் யோசனைதான். மகள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பெரியப்பா மகனுக்கு ஒரு காலத்தில் பள்ளியில் கொடுத்த அரசு லேப்டாப்பை வைத்துக்கொண்டு, ராத்திரி பன்னிரண்டு மணி வரை கருப்புத் திரையில் எண்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். "ஹேக்கிங் கீக்கிங் ஏதாவதா சார்?" என்கிறார்.

ஹேக்கிங் இல்லை அம்மா, நிம்மதியாக இருங்கள். ஆறுதல் அவ்வளவுதான். இனி நான் சொல்லப்போவது உங்கள் அண்ணனுக்குப் பிடிக்காது.

உங்கள் மகளோடு போனில் பேசினேன். அந்த லேப்டாப்பில் மெமரி 2 ஜிபி. பிரவுசரில் நாலு டேப் திறந்தால் உறைந்துவிடுகிறது. வேறு பிள்ளையாக இருந்தால் புதிது வாங்கிக் கொடு என்று நச்சரித்திருக்கும். இவள் அதில் லினக்ஸ் என்ற இலவச ஓஎஸ்ஸை (கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள்) போட்டு, 'ப்ராக்' என்ற ஃபோல்டருக்குள் போய் 'மெம்இன்ஃபோ' கோப்பைத் திறந்திருக்கிறாள். மொத்தம் எவ்வளவு, சும்மா இருப்பது எவ்வளவு, கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) எவ்வளவு என்று வரிவரியாக வருகிறது. சும்மா இருக்கும் மெமரி குறைவாகத் தெரிந்ததும் முதலில் பயந்திருக்கிறாள். பிறகு தானே படித்துத் தெரிந்துகொண்டாள்: காலியாகக் கிடக்கும் மெமரியை லினக்ஸின் உள்மையமான கெர்னல் வீணாக விடாது, கோப்புகளை அதில் வைத்துக்கொள்ளும், தேவைப்பட்டால் விட்டுக்கொடுக்கும். அதனால் 'மெம்ஃப்ரீ' வரியைவிட 'மெம்அவைலபிள்' வரியைத்தான் பார்க்க வேண்டும். வேலைக்கு வந்து இரண்டு வருடமான ஆட்களே இதில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் 'இசட்ரேம்'. மெமரிக்குள்ளேயே ஒரு பகுதியை ஒதுக்கி, உடனடியாகத் தேவைப்படாத பக்கங்களை, அதாவது மெமரியின் சிறு துண்டுகளை, சுருக்கி அதில் போட்டுவைக்கும் ஏற்பாடு. அதன் அளவை ஒரு கோப்பிலும், எந்த முறையில் சுருக்க வேண்டும் என்பதை இன்னொரு கோப்பிலும் எழுத வேண்டும். அளவை முதலில் எழுதிவிட்டு முறையை மாற்றப் போனாள், 'டிவைஸ் பிஸி' என்று திருப்பி அனுப்பிவிட்டது. வரிசையை மாற்றினாள், ஏற்றுக்கொண்டது. பக்கங்களை இப்படி ஒதுக்கித் தள்ள கெர்னல் எவ்வளவு ஆர்வம் காட்ட வேண்டும் என்று சொல்லும் 'ஸ்வாப்பினஸ்' என்ற எண் வழக்கமாக 60 இருக்கும், அதை 150 ஆக்கினாள். 100க்கு மேல் போகலாம் என்று யார் சொன்னது என்று கேட்டேன். "கெர்னல் டாக்குமென்டேஷன்லயே இருக்கு சார், 5.8 வெர்ஷன்லேர்ந்து 200 வரைக்கும் போடலாம்" என்றாள். சரியான பதில்.

இதெல்லாம் என்ன வேலை என்று உங்களுக்குத் தெரிய வேண்டும், ஏனென்றால் கையெழுத்துப் போடப்போவது நீங்கள். கெர்னல் என்பது ஓஎஸ்ஸின் உள்மையம். பிராசசர், மெமரி, டிஸ்க், பேட்டரி எல்லாம் அதன் கையில். மற்ற புரோகிராம்கள் எதுவும் நேராக ஹார்டுவேரைத் தொட முடியாது, கெர்னலைத்தான் கேட்க வேண்டும். லினக்ஸில் அப்படிக் கேட்பதற்கு ஒரு நல்ல வழி, கோப்பு. ப்ராக், சிஸ் என்ற இரண்டு ஃபோல்டர்களில் இருக்கும் கோப்புகள் டிஸ்க்கில் எங்கும் கிடையாது. ஒன்றைத் திறந்து படித்தால் அந்த நொடியில் கெர்னலுக்குள் ஒரு ஃபங்ஷன் ஓடி விடையைத் தயாரித்துக் கொடுக்கிறது. அதில் ஓர் எண்ணை எழுதினால் இன்னொரு ஃபங்ஷன் ஓடி அமைப்பை மாற்றுகிறது. வாசலில் இருக்கும் ஈபி மீட்டர் பெட்டி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்: சுவருக்குள் ஓடும் வயரைத் தொடாமலே ரீடிங் பார்க்கலாம், ஃபியூஸையும் பிடுங்கலாம்.

சிஸ் ஃபோல்டர் 2003 கடைசியில் வெளிவந்த 2.6 கெர்னலோடு வந்தது. ப்ராக் அதற்குள் கண்டதையும் போட்டு அடைத்த பரணாகிவிட்டிருந்தது. அதனால் சிஸ்ஸில் ஒரு கோப்புக்கு ஒரு மதிப்பு என்று கறாராக வைத்தார்கள். 'தெர்மல்' பகுதியில் 'டெம்ப்' கோப்பைப் படித்தால் 45000 என்று வரும். மில்லி டிகிரிக் கணக்கு, அதாவது 45 டிகிரி. 'பேக்லைட்' பகுதியில் ஓர் எண்ணை எழுதினால் திரை மங்கும். பிராசசரின் வேகத்தை யார் முடிவு செய்வது என்பதற்கு ஒரு கோப்பு. 4 கேபி பக்கங்களுக்குப் பதிலாக 2 எம்பி பெரிய பக்கங்களைத் தானாகப் பயன்படுத்தலாமா என்பதற்கு ஒரு கோப்பு, அதில் 'ஆல்வேஸ், எம்அட்வைஸ், நெவர்' என்று மூன்று சொல் இருக்கும், நடப்பில் இருப்பது சதுர அடைப்புக்குள் நிற்கும். ஆண்ட்ராய்டு போனுக்குள்ளும் இதே கெர்னல்தான். போன் சூடானதும் வேகம் குறைகிறதே, அதை எத்தனை டிகிரியில் எப்படிக் குறைக்க வேண்டும் என்று உட்கார்ந்து அமைப்பதற்கு இன்ஜினியர்கள் சம்பளம் வாங்குகிறார்கள்.

இதில் பொறுப்பும் உண்டு. ஒரு டிரைவர் (ஒரு கருவியை இயக்கும் கெர்னல் பகுதி) எழுதுகிறவர் சிஸ்ஸில் ஒரு கோப்பைத் திறந்து வைத்துவிட்டால், அதை நம்பி வெளியே புரோகிராம்கள் வந்துவிடும். அப்புறம் மனம்போனபடி மாற்ற முடியாது. வெளியே ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமை கெர்னல் மாற்றம் உடைக்கக் கூடாது என்பதில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் விட்டுக்கொடுத்ததே இல்லை. அப்படிப்பட்ட கோப்புகளை நிலையானவை, சோதனையில் இருப்பவை, கைவிடப்போகிறவை என்று பிரித்து எழுதிவைக்கவே கெர்னலுக்குள் தனி ஃபோல்டர் இருக்கிறது.

எண்ணை மாற்றினால் போதுமே, எதற்கு இன்ஜினியர் என்று அண்ணன் கேட்பார். 'ஓவர்கமிட்' என்று ஓர் அமைப்பு இருக்கிறது. கையில் இருப்பதைவிட அதிக மெமரி தருவதாக கெர்னல் புரோகிராம்களுக்கு வாக்குக் கொடுக்கலாமா என்பதுதான் அது. 0, 1, 2 என்று மூன்று மதிப்பு. ரெடிஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் அதை 1 ஆக்கச் சொல்கிறது. போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸ் தன் கையேட்டில் 2 ஆக்கச் சொல்கிறது. இரண்டுக்கும் காரணம் உண்டு, ஒன்று தாராளம், மற்றது கறார். இரண்டும் ஒரே சர்வரில் ஓடினால் என்ன செய்வது? கெர்னல் மெமரியை எப்படிப் பங்கிடுகிறது என்று தெரிந்தவருக்குத்தான் சொல்ல வரும். தவறினால் மெமரி தீர்ந்து, கெர்னலே ஏதாவது ஒரு புரோகிராமைக் கொன்றுவிடும். அது பெரும்பாலும் உள்ளதிலேயே அதிகம் மெமரி பிடித்திருப்பது, அதாவது டேட்டாபேஸ்.

ஏஐக்கு நான் எதிரி இல்லை. 2017 நவம்பரிலிருந்து உலகின் முதல் 500 சூப்பர் கணினிகளும் லினக்ஸில்தான் ஓடுகின்றன, ஏஐ பயிற்சி நடக்கும் சர்வர்களும் பெரும்பாலும் அதில்தான். அந்த அடித்தளத்தில் உங்கள் மகளுக்கு ஈர்ப்பு இருக்கிறது. மாமா சொல்லும் படிப்பிலும் ஓஎஸ் ஒரு பாடமாக வரும், ஒரு செமஸ்டரில் முடிந்துவிடும். மாடல், புள்ளியியல் என்றதும் அவள் குரல் இறங்கிவிட்டது. ப்ராக் என்றதும் என்னைப் பேசவிடவே இல்லை. நாலு வருடம் படிக்கப்போவது அவள். இந்த ஒரு விஷயத்தில் நான் யாரோடும் சமரசம் பேசுவதில்லை.

சரி, எங்கே சேர்ப்பது? தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் ஈசிஇ (எலெக்ட்ரானிக்ஸ்) அல்லது சிஎஸ்இ (கம்ப்யூட்டர் சயின்ஸ்). காரைக்குடி, போடி அரசுப் பொறியியல் கல்லூரிகள், மதுரை அண்ணா பல்கலைக்கழக வளாகம், தியாகராஜர் கல்லூரி என்று விருப்பப் பட்டியலை நீளமாகப் போடுங்கள். எது கிடைக்கும் என்பது தரவரிசையைப் பொறுத்தது, நான் வாக்குக் கொடுக்க முடியாது. ஈசிஇ கிடைத்தால் 'ஐயோ, கம்ப்யூட்டர் கிடைக்கவில்லையே' என்று வீட்டில் யாரும் முகத்தைத் தொங்கப் போடாதீர்கள். சிப்பின் விவரக் கையேடான டேட்டாஷீட்டைப் படித்து, அதன் எந்த ரெஜிஸ்டரில் (சிப்புக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடம்) எந்த பிட் என்ன செய்கிறது என்று பார்க்கத் தெரிந்தவருக்கு இந்தத் துறையில் மதிப்பு கூடுதல்.

கல்லூரிப் பாடம் மட்டும் போதாது. சி மொழி கையில் பேச வேண்டும். எம்ஐடி மாணவர்களுக்காக எழுதிய 'எக்ஸ்வி6' என்ற குட்டி ஓஎஸ் இலவசம், முழுதாகப் படித்து முடிக்கக்கூடிய அளவுதான். ஐஐடிகள் சேர்ந்து இணையத்தில் நடத்தும் என்பிடெல்லின் ஓஎஸ் பாடங்களைக் காசில்லாமல் பார்க்கலாம். பழகிப் பார்க்கப் புது சர்க்யூட் போர்டு எதுவும் உடனே வாங்க வேண்டாம், கணினிக்குள்ளேயே இன்னொரு கணினி போல நடிக்கும் 'க்யூஎமு' என்ற எமுலேட்டரில் கெர்னலை ஓட்டி, உடைத்து, மறுபடி ஓட்டலாம். ஆனால் 2 ஜிபி லேப்டாப்பில் கெர்னலை கம்பைல் செய்தால், அதாவது எழுதிய கோடை ஓடும் வடிவத்துக்கு மாற்றினால், விடிந்துவிடும். 8 ஜிபி உள்ள பழைய லேப்டாப் ஒன்று வாங்கிக் கொடுங்கள், அந்தச் செலவு நியாயமானது.

இரண்டாம் வருடத்தில் அவள் கெர்னலுக்கு ஒரு சிறு திருத்தம் அனுப்பட்டும். டாக்குமென்டேஷனில் ஒரு பிழை, ஒரு டிரைவரில் விட்டுப்போன சோதனை என்று தொடங்கினால் போதும். திருத்தத்தை மின்னஞ்சலில்தான் அனுப்ப வேண்டும். அந்தப் பகுதியைப் பார்த்துக்கொள்பவர் யார் என்று கண்டுபிடிக்க ஒரு ஸ்கிரிப்ட், எழுத்து நடையைச் சோதிக்க இன்னொரு ஸ்கிரிப்ட், கடைசியில் இதை அனுப்ப எனக்கு உரிமை உண்டு என்று தன் பெயரில் 'சைன்டு ஆஃப் பை' வரி. எந்தக் கல்லூரி என்று யாரும் கேட்பதில்லை. கோடு சரியில்லை என்றால் முகத்துக்கு நேராகச் சொல்வார்கள், திருத்தித் திரும்ப அனுப்ப வேண்டும். ஏற்றுக்கொண்டால் கெர்னல் வரலாற்றில் அவள் பெயர் நிற்கும். நேர்காணலில் அதைக் காட்டினால், மதிப்பெண்ணைப் பார்க்கும் முன்பே அதைப் பற்றித்தான் கேள்வி வரும்.

வேலை இடங்கள்: குவால்காம், இன்டெல், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ், என்எக்ஸ்பி போன்ற சிப் நிறுவனங்களுக்கு இந்தியாவில் பெரிய மையங்கள் உண்டு. கார் திரைகள், நெட்வொர்க் கருவிகள், மருத்துவக் கருவிகள் செய்கிறவர்களுக்கும் லினக்ஸ் தெரிந்த ஆள் வேண்டும். ஐஐடி மெட்ராஸ் வடிவமைத்த சக்தி பிராசசர் சிப்பில் 2018இல் லினக்ஸ் ஓடியது. அப்படி ஒரு புது போர்டில் மெமரி எந்த முகவரியில் தொடங்குகிறது, எவ்வளவு இருக்கிறது, எந்தக் கருவி எங்கே இணைந்திருக்கிறது என்பதையெல்லாம் 'டிவைஸ் ட்ரீ' கோப்பில் எழுதி கெர்னலுக்குச் சொல்கிற வேலையே ஒரு தனிப் பிழைப்பு.

குறையும் சொல்லிவிடுகிறேன். கேம்பஸுக்கு மொத்தமாக ஆள் அள்ள வரும் கம்பெனிகள் இதைக் கேட்டு வருவதில்லை. முதல் வேலை கருவிகளுக்குள் இருக்கும் கணினிகளுக்கு மென்பொருள் எழுதும் ஒரு சின்ன எம்பெடட் கம்பெனியில், சுமாரான சம்பளத்தில் அமையலாம். மாமா வீட்டுக் கல்யாணத்தில் 'என்ன வேலை?' என்று கேட்டால் விளக்கிச் சொல்லவும் வராது.

பணத்துக்கு வருகிறேன். உங்கள் வீட்டில் இதுவரை பட்டதாரி இல்லை என்றீர்கள். முதல் பட்டதாரிச் சலுகை கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால்தான் உண்டு, நிர்வாக ஒதுக்கீட்டுக்கும் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கும் கிடையாது. கல்விக் கடன் 7.5 லட்சத்துக்குள் இருந்தால் வங்கிகள் பொதுவாகச் சொத்துப் பிணை கேட்பதில்லை. அதைத் தாண்டும்போதுதான் பத்திரம் வெளியே வருகிறது. ஆகவே பத்திரம் கேட்கிற அளவுக்குச் செலவாகும் படிப்பு உங்களுக்கு வேண்டாம். மளிகைக்கடை வருமானத்தில் 18 லட்சத்துக்கு வட்டி கட்டும்போது அண்ணன் சென்னையில் இருப்பார்.

இந்த வாரம் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள், இ-சேவை மையத்திலேயே முடியும். அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அண்ணன் முன்பணம் ஏதும் கட்டியிருந்தால் ரசீதை வாங்கி வையுங்கள். திரும்பக் கேட்க யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதி இருக்கிறது, நாள் தள்ளத் தள்ளப் பிடித்தம் கூடும். அசல் சான்றிதழ்களை யாரிடமும் கொடுக்காதீர்கள், சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும் என்று யுஜிசி 2018இலேயே சொல்லிவிட்டது. கலந்தாய்வில் விருப்பப் பட்டியலை மகள் கையாலேயே போடச் சொல்லுங்கள், பாஸ்வேர்டு அவளிடமே இருக்கட்டும்.