சிறிய விமானங்கள் எதனால் விழுகின்றன? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் ஒற்றை இன்ஜின் விமானங்களைப் பற்றி எழுதியிருந்தோம். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை விபத்துகளைப் பற்றியே கேட்டிருந்தன. ஒரே பொருளைக் கேட்டவற்றைச் சேர்த்துப் பதிலளித்திருக்கிறோம்.

கேள்வி: இருப்பதே ஓர் இன்ஜின்தான். அது நடுவானில் நின்றுவிட்டால் விமானம் கல்லைப்போல விழுந்துவிடாதா? விபத்துகளுக்கு அதுதானே முதன்மைக் காரணம்? (கல்லூரி மாணவி, கரூர்)

பதில்: விழாது. இன்ஜின் நின்றாலும் இறக்கைகள் தங்கள் வேலையை நிறுத்துவதில்லை. மூக்கைச் சற்றுத் தாழ்த்தி, உரிய வேகத்தைக் காத்துக்கொண்டால் விமானம் சறுக்கியபடி நிதானமாக இறங்கும். உலகில் மிக அதிக எண்ணிக்கையில் தயாரிக்கப்பட்ட விமானமான செஸ்னா 172, இன்ஜின் ஓடாத நிலையிலும் 1,000 அடி இறங்குவதற்குள் ஏறக்குறைய ஒன்றரைக் கடல் மைல் முன்னேறும். அதாவது 3,000 அடி உயரத்தில் இன்ஜின் நின்றால், சுமார் 8 கி.மீ. தொலைவுக்குள் ஒரு வயலையோ மைதானத்தையோ தேடிக்கொள்ள விமானிக்கு அவகாசம் இருக்கிறது.

இன்ஜின் கோளாறு நேர்வதுண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் அமெரிக்காவில் பல ஆண்டுகளாகத் தொகுக்கப்படும் கணக்குகளின்படி, சிறிய விமான விபத்துகளில் ஏறத்தாழ முக்கால் பங்கு விமானியின் செயலோடோ முடிவோடோ தொடர்புடையவை. மறுநாள் நாளிதழில் 'இயந்திரக் கோளாறு' என்று வரும் செய்தி, விசாரணை அறிக்கை வெளிவரும்போது பல சமயம் வேறு கதையாகிவிடுகிறது.

இன்ஜின் உண்மையாகவே நின்றுபோகும் நிகழ்வுகளிலும் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் அதற்குப் பின் நடப்பதுதான். புறப்பட்டு நானூறு, ஐந்நூறு அடி ஏறியவுடன் இன்ஜின் நின்றால், இப்போதுதான் விட்டுவந்த ஓடுபாதைக்குத் திரும்பிவிடலாம் என்றே மனம் சொல்லும். ஆனால் அரைவட்டம் அடித்தால் மட்டும் போதாது. திரும்பும்போதே விமானம் பாதையின் நேர்க்கோட்டிலிருந்து பக்கவாட்டில் விலகிவிடுவதால், அரைவட்டத்துக்கும் மேலாகத் திரும்பி, பிறகு எதிர்ப்பக்கம் ஒருமுறை திருத்திக்கொள்ளவும் வேண்டும். புறப்படும்போது எதிரே வந்த காற்று இப்போது முதுகில் தள்ளும். தரை நெருங்குவதைக் கண்டு விமானி தன்னை அறியாமல் கட்டுப்பாட்டுக் கழியைப் பின்னுக்கு இழுப்பார், அங்கேதான் ஆபத்து (ஏன் என்பதை அடுத்த பதிலில் சொல்கிறோம்). போதிய உயரம் இல்லாவிட்டால் எதிரே இருக்கும் இடத்திலேயே இறங்கு என்று பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்லித்தருவது இதனால்தான். கட்டுப்பாட்டை இழக்காமல், மெதுவான வேகத்தில் வயலில் இறக்கினால் விமானம் நொறுங்கினாலும் உள்ளே இருப்பவர்கள் பிழைப்பதற்கு நல்ல வாய்ப்பு உண்டு.

கேள்வி: விபத்துச் செய்திகளில் 'ஸ்டால்' என்ற சொல் அடிக்கடி வருகிறது. இன்ஜின் நின்றுபோவதைத்தான் அப்படிச் சொல்கிறார்களா? (ஆசிரியர், தென்காசி)

பதில்: மோட்டார் வாகனங்களில் அந்தப் பொருள் உண்டு, விமானத்தில் அது இறக்கைக்கு நேர்வது. இறக்கை எதிர்வரும் காற்றைச் சந்திக்கும் கோணம் ஓர் எல்லைக்குள் இருக்கும் வரையில்தான் காற்று அதன் மேற்பரப்பைத் தழுவி ஓடும். அந்தக் கோணம் பெரும்பாலான சிறிய விமானங்களில் ஏறக்குறைய 16 முதல் 18 பாகையைத் தாண்டினால், காற்றோட்டம் பரப்பிலிருந்து பிய்ந்து, தூக்குவிசை சட்டென்று குறைந்துவிடும். இன்ஜின் முழு விசையில் உறுமிக்கொண்டிருக்கும்போதும் இது நேரலாம்.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், சிறிய விமானங்களின் உயிர்ப்பலி விபத்துகளில் 40 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை பறக்கும்போது கட்டுப்பாட்டை இழப்பதால் நேர்பவை என்று கண்டு, 2015இல் அதைத் தன் முதன்மைக் கவலைகளின் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் பெரும்பகுதி ஸ்டாலில் தொடங்குபவை.

இது மிகுதியாக நேரும் இடம், தரையிறங்குவதற்காக ஓடுபாதையை நோக்கித் திரும்பும் கடைசித் திருப்பம். பக்கக்காற்று தள்ளியதால் விமானம் பாதையின் நேர்க்கோட்டைக் கடந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். தரைக்கு அருகில் விமானத்தை அதிகமாகச் சாய்க்க அஞ்சும் விமானி, சாய்வைக் கூட்டாமல் சுக்கான் மிதியை அழுத்தி மூக்கை மட்டும் பாதையை நோக்கி இழுக்கிறார். அதனால் சாய்வு தானாகக் கூடத் தொடங்க, அதைத் தடுக்கக் கழியை எதிர்ப்பக்கம் சாய்க்கிறார். மூக்கு தாழ்வதைக் கண்டு பின்னுக்கும் இழுக்கிறார். இந்த மூன்றும் சேர்ந்தால் உள்பக்க இறக்கை முதலில் ஸ்டாலாகி, விமானம் அந்தப் பக்கமாகப் புரண்டுவிடும். மீட்கும் முறை எளிதுதான்: கழியை முன்னே தள்ளி, கோணத்தைக் குறைக்க வேண்டும். ஆனால் ஐந்நூறு அடியில் அதற்கு உயரம் போதாது; தரை முகத்துக்கு எதிரே நிற்கும்போது மூக்கை இன்னும் கீழே தள்ளுவதற்குக் கையும் வராது.

சாய்ந்து திரும்பும்போது ஸ்டாலாகும் வேகமே உயர்ந்துவிடுகிறது என்பதும் கவனிக்க வேண்டியது. நேராகப் பறக்கையில் சுமார் 48 நாட், அதாவது மணிக்கு 89 கி.மீ. வேகத்தில் ஸ்டாலாகும் விமானம், உயரத்தை இழக்காமல் 60 பாகை சாய்ந்து திரும்பினால் சுமார் 68 நாட், அதாவது மணிக்கு 126 கி.மீ. வேகத்திலேயே ஸ்டாலாகிவிடும்.

கேள்வி: பெட்ரோல் தீர்ந்து விமானம் விழுந்தது என்று படிக்கும்போது நம்ப முடியவில்லை. ஸ்கூட்டரில் கிளம்புகிறவர்கூட முள்ளைப் பார்க்கிறாரே? (வங்கி ஊழியர், மதுரை)

பதில்: கேலி நியாயமானதே. அமெரிக்க விதிகளின்படி, பார்வை விதிகளில், அதாவது வெளியே கண்ணால் பார்த்தே வழியறிந்து, பறப்பவர் பகலில் 30 நிமிடத்துக்கும் இரவில் 45 நிமிடத்துக்கும் போதுமான எரிபொருளைக் கையிருப்பாக வைத்துக்கொண்டே புறப்பட வேண்டும். இருந்தும் எதிர்க்காற்றைக் குறைவாகக் கணித்தும், வழியில் இறங்கி நிரப்பச் சோம்பியும் தொட்டியைக் காலி செய்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள்.

இதைவிட வருந்தத்தக்கது, ஒரு தொட்டியில் பெட்ரோல் இருந்தும் இன்ஜினுக்குப் போய்ச்சேராமல் நின்றுபோவது. பைப்பர் செரொக்கி வகை விமானங்களில் இடது தொட்டி, வலது தொட்டி என்று ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். அவ்வப்போது மாற்றிவிடுவது விமானியின் பொறுப்பு.

1997 அக்டோபர் 12 அன்று கலிபோர்னியாவின் மான்டரே வளைகுடாவில் விழுந்து இறந்த பாடகர் ஜான் டென்வரின் விபத்தை இங்கே சொல்லியாக வேண்டும். அவர் ஓட்டியது தனிநபர் ஒருவர் வீட்டில் கட்டிய லாங்-ஈஸி விமானம். டென்வர் அதை வாங்கிச் சில நாட்களே ஆகியிருந்தன. தொட்டியை மாற்றும் கைப்பிடியை, அதைக் கட்டியவர் மூல வடிவமைப்பில் இருந்த இடத்தில் வைக்காமல், விமானியின் இடது தோளுக்குப் பின்னால் அமைத்திருந்தார். அதைத் திருப்ப வேண்டுமானால் கட்டுப்பாட்டுக் கழியிலிருந்து கையை எடுத்து, தோளைப் பிடிக்கும் இருக்கை வாரைத் தளர்த்தி, உடலை இடப்பக்கமாக முழுவதும் திருப்பியாக வேண்டும். அப்படித் திரும்பும்போது வலது கால் இயல்பாகவே வலது சுக்கான் மிதியை அழுத்திவிடுகிறது என்பதை விசாரணையாளர்கள் செய்துபார்த்தே அறிந்தனர். எரிபொருள் அளவைப் பார்க்கவும் பின்னால் திரும்ப வேண்டியிருந்ததால், புறப்படுவதற்கு முன் பராமரிப்பாளர் ஒருவர் அவருக்கு ஒரு சிறு கண்ணாடியைக் கொடுத்தார். பெட்ரோல் நிரப்பட்டுமா என்று கேட்டதற்கு டென்வர் வேண்டாம் என்றார். கைப்பிடி எட்டாது என்பது தரையிலேயே பேசப்பட்ட விஷயம்; ஓர் இடுக்கியை மாட்டி நீட்டவும் முயன்றார்கள். பிறகு அப்படியே புறப்பட்டார். இதை வெறும் கவனக்குறைவு என்று சொல்லிவிட எனக்கு மனமில்லை. தெரிந்த குறையோடு ஒருமுறை பறந்துவிடலாம் என்ற கணக்கு அது.

கேள்வி: கார்புரேட்டருக்குள் பனி உறையுமாமே? வெயில் நாளிலுமா? (இரு சக்கர வாகன மெக்கானிக், ஈரோடு)

பதில்: ஆம். டீக்கடையில் பெருந்தீயில் எரியும் கேஸ் சிலிண்டரின் அடிப்பகுதி வியர்த்துக் குளிர்வதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோலவே, காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரிலும் பெட்ரோல் ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சுகிறது. குறுகிய கழுத்தில் காற்றழுத்தமும் குறைவதால் உள்ளே வெப்பநிலை 30 பாகை செல்சியஸுக்கும் மேல் இறங்கிவிடலாம். ஈரப்பதம் மிகுந்த 20 பாகை நாளிலும் உள்ளே பனி கட்டி, காற்றின் வழி அடைபடும். முதல் அறிகுறி, காரணமின்றி இன்ஜின் சுழற்சி மெல்லக் குறைவது. சூடான காற்றைத் திருப்பிவிடும் குமிழ் ஒன்று விமானியின் கையருகே இருக்கும். அதை இழுத்தவுடன் உருகிய நீரால் இன்ஜின் சற்றுநேரம் இன்னும் மோசமாகத் தடுமாறும். அதற்கு அஞ்சிக் குமிழை மறுபடியும் உள்ளே தள்ளியவர்கள் உண்டு.

கேள்வி: ஜான் எஃப். கென்னடி ஜூனியரின் விமானத்தில் பழுதில்லை என்கிறார்கள். பிறகு எப்படிக் கடலில் விழுந்தது? (ஓய்வுபெற்ற தபால் அலுவலர், நாகர்கோவில்)

பதில்: 1999 ஜூலை 16 இரவு, மனைவியுடனும் அவருடைய சகோதரியுடனும் நியூ ஜெர்சியிலிருந்து மார்த்தாஸ் வின்யார்ட் தீவுக்கு அவர் பைப்பர் சரட்டோகா விமானத்தை ஓட்டிச் சென்றார். புயலோ மழையோ இல்லை, வெறும் மூட்டம். கடல்மேல் இருளில் அடிவானம் தெரியவில்லை. அன்றிரவு அந்தப் பக்கம் பறந்த இன்னொரு விமானி, தீவின் விளக்குகள் தெரியாததால் அங்கே மின்தடையோ என்று நினைத்தாராம். கருவிகளை மட்டும் நம்பிப் பறப்பதற்கான தகுதி கென்னடியிடம் இல்லை. அதற்கான பயிற்சியில் இருந்தார். இறுதியில் விமானம் நிமிடத்துக்கு 4,700 அடிக்கும் மேற்பட்ட வேகத்தில் இறங்கியது. இருண்ட இரவில் திசையுணர்வு குழம்பிக் கட்டுப்பாட்டை இழந்ததே காரணம் என்று வாரியம் முடிவு செய்தது.

நம் உட்காதின் சமநிலை உறுப்பு மிக மெதுவான திருப்பத்தை உணர்வதில்லை. கண்ணுக்கு அடிவானம் இல்லாதபோது, விமானம் ஒருபக்கம் சாய்ந்து சுழன்று இறங்கிக்கொண்டிருந்தாலும் நேராகப் பறப்பதாகவே உடல் சொல்லும். 1954இல் இலினாய் பல்கலைக்கழகத்தில், கருவிப் பயிற்சி இல்லாத 20 பேரைக் கொண்டு ஒரு சோதனை நடந்தது. வெளியே பார்க்க முடியாத நிலையில் அத்தனை பேரும் கட்டுப்பாட்டை இழந்தனர். அதற்கு ஆன சராசரி நேரம் 178 விநாடி. குறுகிய காலப் பயிற்சிக்குப் பின் அவர்களில் ஏறத்தாழ எல்லோராலும் வந்த வழியே திரும்ப முடிந்தது என்பது அதே ஆய்வில் உள்ள, அதிகம் பேசப்படாத செய்தி.

கேள்வி: வானிலை மோசம் என்று தெரிந்தும் ஏன் புறப்படுகிறார்கள்? (இல்லத்தரசி, விழுப்புரம்)

பதில்: பெரும்பாலும் யாரோ காத்திருப்பதால்தான். 1996 ஏப்ரல் 11 அன்று, அமெரிக்காவின் கரைவிட்டுக் கரை பறக்கும் முயற்சியில் இருந்த 7 வயதுச் சிறுமி ஜெசிகா டுப்ராஃப், தன் தந்தையோடும் பயிற்றுநரோடும் வயோமிங்கின் ஷையனில் உயிரிழந்தாள். விமானத்துக்குப் பொறுப்பாளர் பயிற்றுநரே. மழையும் இடியும் நெருங்கும் வேளையில் அவர்களின் செஸ்னா கிளம்பியது. அந்த விமானநிலையம் கடல்மட்டத்துக்கு மேல் 6,100 அடியைத் தாண்டியது. மெலிந்த காற்றில் இன்ஜினும் இறக்கையும் புரொப்பெல்லரும் ஒருசேர வலுவிழக்கும். எடையும் அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தது. விமானம் ஏறும்போதே ஸ்டாலாகி விழுந்தது. தொலைக்காட்சிகளுக்குக் கொடுத்த வாக்குகளால் இறுகிப்போன பயணத் திட்டமும் ஒரு காரணம் என்று அறிக்கை வெளிப்படையாகவே எழுதியது.

கேள்வி: இரண்டு இன்ஜின் வைத்துவிட்டால் தீர்ந்ததா? இல்லை, விமானத்துக்கே பாராசூட் பொருத்தலாமா? (பொறியியல் மாணவர், வேலூர்)

பதில்: சிறிய இரட்டை இன்ஜின் விமானத்தில் ஒன்று நின்றால், ஓடும் இன்ஜின் விமானத்தை ஒருபக்கமாக இழுக்கும். வேகம் ஓர் அளவுக்குக் கீழே போனால் சுக்கானால் அதை ஈடுகட்ட முடியாமல் விமானம் புரண்டுவிடும். தொடர்ந்து பயிற்சி எடுப்பவருக்கு இரண்டாவது இன்ஜின் வரம். மற்றவருக்கு அப்படிச் சொல்ல முடியாது.

பாராசூட் ஏற்கெனவே இருக்கிறது. சிரஸ் நிறுவனத்தின் விமானங்களில் கூரையில் உள்ள கைப்பிடியை இழுத்தால், ராக்கெட் ஒன்று பாராசூட்டை வெளியே இழுத்து, விமானத்தையே தொங்கவிட்டு இறக்கும். 2002 அக்டோபரில் டெக்சஸில், பராமரிப்புக்குப் பின் இறக்கையின் அசையும் பகுதி ஒன்று கழன்ற விமானத்திலிருந்து ஒருவர் இப்படித்தான் முதன்முதலாக உயிர் தப்பினார். ஆனால் தொடக்க ஆண்டுகளில் பலர் கைப்பிடியை இழுக்காமலே, அல்லது உயரம் தீர்ந்த பிறகு இழுத்து இறந்தனர். எந்த உயரத்தில், எந்த நிலையில் தயங்காமல் இழுக்க வேண்டும் என்பதைப் பயிற்சியில் அழுத்தமாகச் சேர்த்த பிறகே அந்த விமானங்களின் உயிர்ப்பலி குறையத் தொடங்கியது.