பழைய சிறிய கேபினெட்டில் புதிய கணினி: வெப்பம் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: பழைய மைக்ரோ ஏடிஎக்ஸ் (சிறிய மதர்போர்டுக்கான அளவு) கேபினெட் ஒன்றில் 65 வாட் செயலியையும் (பிராசசர்) புதிய கிராஃபிக்ஸ் கார்டையும் பொருத்தியிருக்கிறேன். முன்புறம் 92 மி.மீ., பின்புறம் 80 மி.மீ. என இரண்டு விசிறிகள் மட்டுமே உள்ளன. விளையாடும்போது செயலி 93 டிகிரியைத் தொடுகிறது. பெரிய கூலர் வாங்கலாமா?

பதில்: அதற்கு முன் செலவில்லாத சோதனை ஒன்றைச் செய்து பாருங்கள். அறையின் வெப்பநிலை மாறாத வேளையில், கேபினெட்டை மூடியபடி அரை மணி நேரம் அதே விளையாட்டை ஓடவிட்டு அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டு மறுபடியும் அரை மணி நேரம் ஓடவிடுங்கள். வெப்பநிலை 10 டிகிரியோ அதற்கு மேலோ இறங்கினால், குறை கூலரில் இல்லை, உள்ளே காற்று தேங்குவதில் இருக்கிறது. இரண்டு மூன்று டிகிரி மட்டுமே இறங்கினால் தெர்மல் பேஸ்ட் (செயலிக்கும் கூலருக்கும் இடையே பூசும் வெப்பம் கடத்தும் பசை), கூலரின் திருகுகள், செயலிக்கு அனுமதிக்கப்பட்டுள்ள மின்சக்தி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். எந்தக் காற்றுக் கூலராலும் தனக்குள் நுழையும் காற்றைவிடக் குளிர்ச்சியாகச் செயலியை வைத்திருக்க இயலாது. ஒரே அளவு மின்சக்திக்கு, செயலிக்கும் அந்தக் காற்றுக்கும் இடையிலான வேறுபாடு ஏறக்குறைய மாறாமல் இருக்கும். ஆகவே உள்காற்று அறையைவிட 15 டிகிரி சூடாக இருந்தால், அந்த 15 டிகிரியும் அப்படியே செயலியின் கணக்கில் ஏறிவிடும்.

கேள்வி: என்னிடமும் இரண்டு சிறிய விசிறிகள்தான் இருக்கின்றன. ஒவ்வொன்றும் நிமிடத்திற்கு 30 கன அடி காற்றைத் தள்ளும் என்று குறிக்கப்பட்டுள்ளது. மொத்தம் 60 கன அடி போதாதா?

பதில்: முன்விசிறி உள்ளே இழுக்கும் காற்றையே பின்விசிறி வெளியே தள்ளுகிறது, ஒரே பாதையில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் விசிறிகளின் அளவைக் கூட்டக் கூடாது. மேலும், அந்த 30 கன அடி என்பது முன்னும் பின்னும் தடையே இல்லாதபோது கிடைக்கும் அளவு. தகட்டில் துளையிட்ட வலையும் தூசி வடிகட்டியும் ஹார்ட் டிஸ்க் கூண்டும் குறுக்கே நிற்கையில் அதில் பாதி கிடைத்தாலும் மகிழ்ச்சிதான்.

தேவையைக் கணக்கிடுவது கடினமன்று. ஒரு கன மீட்டர் காற்றை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 1,200 ஜூல் ஆற்றல் வேண்டும். உங்கள் கணினி 300 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது என்றும், உள்காற்று அறையைவிட 10 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்றும் வைத்துக்கொண்டால், நொடிக்கு 0.025 கன மீட்டர், அதாவது நிமிடத்திற்கு ஏறத்தாழ 53 கன அடி காற்று உண்மையிலேயே கடந்து செல்ல வேண்டும். 15 கன அடி மட்டுமே கடந்தால் உள்காற்று 35 டிகிரி உயரும் என்று இதே கணக்கு சொல்கிறது. தகடுகளின் வழியாகவும் பவர் சப்ளையின் வழியாகவும் ஓரளவு வெப்பம் வெளியேறுவதால்தான் நடைமுறையில் அவ்வளவு மோசமாவதில்லை.

கேள்வி: அப்படியானால் 80 மி.மீ. துளையை வெட்டிப் பெரிதாக்கலாமா?

பதில்: இடம் இருந்தால் தாராளமாகச் செய்யலாம். 120 மி.மீ. விசிறியின் பரப்பு 80 மி.மீ. விசிறியின் பரப்பைப்போல் 2.25 மடங்கு என்பதால், அதே காற்றை மெதுவாகவும் சத்தமின்றியும் தள்ளும். ஆனால் வெட்டுவதற்கு முன் முன்முகப்பைக் கழற்றி, மேலே சொன்ன சோதனையைச் செய்யுங்கள். பழைய கேபினெட்டுகள் பலவற்றில் முகப்பின் அடியில் ஒரு குறுகிய பிளவு மட்டுமே இருக்கும். அதன் வழியே வரும் காற்றுதான் அத்தனை பாகங்களுக்கும். முகப்பைக் கழற்றியதும் வெப்பநிலை இறங்கினால், வெட்ட வேண்டிய இடம் முகப்புதான். பயன்படுத்தாத ஹார்ட் டிஸ்க் கூண்டையும் அகற்றிவிடுங்கள். கம்பிகளை அழகாகக் கட்டுவதால் வெப்பம் குறையும் என்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. முன்விசிறிக்கு நேர் எதிரே கம்பிக் கற்றை அடைத்து நிற்கக் கூடாது, அவ்வளவே. வெட்டும்போது எல்லாப் பாகங்களையும் வெளியே எடுத்துவிட வேண்டும், ஏனெனில் ஓர் உலோகத் துகள் போதும் மதர்போர்டில் குறுக்குச்சுற்றை (ஷார்ட் சர்க்யூட்) உண்டாக்க.

கேள்வி: என் கேபினெட்டில் பவர் சப்ளை மேற்புறத்தில், செயலிக்கு அருகே இருக்கிறது. இது நன்மையா தீமையா?

பதில்: இரண்டும்தான். அதன் விசிறி உள்ளிருக்கும் சூடான காற்றை இழுத்து வெளியே தள்ளுவதால் கேபினெட்டுக்கு இன்னொரு வெளியேற்றும் விசிறி கிடைக்கிறது. பதிலுக்கு, பவர் சப்ளை எப்போதும் சூடான காற்றையே சுவாசிக்கிறது. குறைந்த சுமையில் விசிறியை நிறுத்திவைக்கும் பவர் சப்ளையை இவ்வகைக் கேபினெட்டுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. அந்த வசதியை அணைக்கும் பொத்தான் இருந்தால் அணைத்துவிடுங்கள்.

கேள்வி: உயரமான கூலர் நுழையவில்லை. 120 மி.மீ. ரேடியேட்டர் (திரவத்தின் வெப்பத்தைக் காற்றில் விடும் பகுதி) கொண்ட திரவக் கூலர் தீர்வாகுமா?

பதில்: உள்ளே காற்று தேங்கும் கேபினெட்டுக்கு அது தீர்வாகாது. அந்த ரேடியேட்டருக்கும் குளிர்ந்த காற்று வேண்டுமே! பின்புறத்தில் பொருத்தினால் கிராஃபிக்ஸ் கார்டு சூடாக்கிய காற்றே அதன் வழியாகச் செல்லும். செயலியின் மேற்பரப்பிலிருந்து பக்கத் தகடு வரையுள்ள இடைவெளியை அளந்து, அதில் அடங்கும் தாழ்ந்த கூலரைத் தேடுங்கள். காற்றைக் கீழ்நோக்கித் தள்ளும் இவ்வகைக் கூலர்கள் செயலியைச் சுற்றியுள்ள மின்னழுத்தச் சீராக்கிகளையும் குளிர்விக்கின்றன. 37 மி.மீ. உயரத்தில்கூட இவை கிடைக்கின்றன, எனினும் 65 வாட்டைத் தாண்டும் செயலிக்கு அந்த உயரம் திணறும். கூலருக்கு நேராகத் தகட்டில் துளைகள் இருந்தால் அறைக்காற்றே நேரடியாக நுழையும். பழைய கேபினெட்டுகளில் இத்தகைய துளைகள் பெரும்பாலும் இருக்கும், அவற்றை அடைக்காதீர்கள்.

கேள்வி: செயலியின் பெட்டியில் 65 வாட் என்று இருக்கிறது, மென்பொருளோ 88 வாட் காட்டுகிறது. எது சரி?

பதில்: இரண்டும் சரிதான். ஏஎம்டியின் ரைசன் மேசைக்கணினிச் செயலிகளில் 65 வாட் என்று குறிக்கப்பட்டவை பொதுவாக 88 வாட் வரையிலும், 105 வாட் என்று குறிக்கப்பட்டவை 142 வாட் வரையிலும் எடுத்துக்கொள்ள அனுமதி உண்டு. இன்டெல் கோர் ஐ5 12400 செயலிக்கு அடிப்படை 65 வாட், உச்சம் 117 வாட். சில மதர்போர்டுகள் இந்த வரம்பையும் தளர்த்திவிடுகின்றன. சிறிய கேபினெட்டில் நான் முதலில் திறப்பது பயாஸைத்தான் (கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய மதர்போர்டின் அமைப்புத் திரை), திருகுகளை அதற்குப் பிறகே தொடுவேன். உள்ளே பிறக்காத வெப்பத்தை வெளியேற்ற வேண்டியதில்லை. 105 வாட் செயலியை 65 வாட் நிலைக்கு இறக்கினால், விளையாட்டுகளில் வேகக் குறைவு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. எல்லாக் கோர்களையும் (செயலிக்குள் இருக்கும் கணக்கிடும் அலகுகள்) நிரப்பும் காணொளி மாற்றம் போன்ற வேலைகளில்தான் தெரியும். கிராஃபிக்ஸ் கார்டின் மின்வரம்பை 80 விழுக்காடாகக் குறைப்பதும் இதே காரணத்துக்காகப் பயன்தரும், அதுவே உள்ளே மிகுந்த வெப்பத்தை உமிழும் பாகம் என்பதால்.

கேள்வி: பழைய மூன்று முள் விசிறியைப் புதிய மதர்போர்டில் இணைத்தேன், எப்போதும் முழு வேகத்தில் அலறுகிறது.

பதில்: பயாஸில் அந்த இணைப்பு பிடபிள்யூஎம் முறையில் (மின்னழுத்தத்தை மாற்றாமல் துடிப்புகளால் நான்கு முள் விசிறியின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது) இருக்கும். அதை மின்னழுத்தத்தை மாற்றும் டிசி முறைக்கு மாற்றுங்கள். மூன்று முள் விசிறியின் வேகத்தை மின்னழுத்தத்தைக் குறைத்துத்தான் கட்டுப்படுத்த முடியும்.

கேள்வி: சூடான காற்று மேலே எழும் என்பதால் மேற்புறத்தில் துளை அவசியமா?

பதில்: விசிறிகள் ஓடும் கேபினெட்டில் காற்று தானாக மேலெழும் விசை பொருட்படுத்தத் தக்கதன்று. முன்புறமிருந்து பின்புறத்துக்குத் தெளிவான பாதை இருந்தால் மேற்புறத்தைத் தொடவேண்டாம்.